அக்கா ஊருக்கு நான் போட்ட சைபர்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு,

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் இன்னும் உன் வீட்டுப் பக்கம்தான் நடக்கிறேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது.

மறுபடியும் யானைக்கால் கணக்கெடுக்க வந்திருக்கிறேன். முதல் தடவை வந்தது ஞாபகமிருக்கிறதா? சுகாதார இலாகா வேலை கிடைத்த மிதப்பில் வாசலுக்கு வாசல் நின்று, "யானைக்கால் யாருக்காவது இருக்குதுங்களா?" என்று கூவினேன். மடையன்! எந்த வீட்டில் ஆமாம் என்பார்கள்? நீயே புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டு, "போடா! வயசுக்கு வந்த புள்ளய வூட்ல வெச்சுக்கிட்டு அந்தப் பேர எழுத வுடுவனா?" என்று சீறினாய். உன் இடது கால் வீங்கியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே உன் ஊருக்குச் சைபர் போட்டேன்.

கொசுவை ஒழிக்க எண்ணெய் தெளிப்பவர்கள், நோயாளிகள் உண்டென்று எழுதிய ஊர்களுக்குப் போனார்கள். உன் வீட்டுப் பின்னாலிருந்த சாக்கடைக் குட்டை அப்படியே கிடந்தது. மாதாமாதம் யானைக்கால் குளிர்காய்ச்சல் உன்னை அடித்துப் போட்டது. கடைசிக் காய்ச்சலில் போய்விட்டாய். நான் உண்மையை எழுதியிருந்தால் பிழைத்திருப்பாயா, அக்கா?

இந்தத் தடவை வியாதியின் பேரையே எடுக்கவில்லை. "எந்தக் கால்ல மெட்டி இறுக்குதுங்க?" என்று கேட்டேன். அடேயப்பா, மடமடவென்று சொன்னார்கள்! "இடது கால்தானுங்க. கழட்டிப் பொட்டியில போட்டு வருசமாச்சு." மேலதிகாரி தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னய்யா, வியாதி இப்படி ஏறிப்போச்சு?"

"ஏறலீங்க. இப்பத்தான் சரியா எண்ணறோம்" என்றேன்.

உன் வீட்டில் மச்சான் வயலுக்குப் போயிருந்தார். உன் மகள் கனகு ராகி திரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், தையில் கல்யாணம். கல்யாணமாகாத பெண்ணிடம் மெட்டியைப் பற்றி என்ன கேட்பது? திரும்பி நடந்தேன்.

"மாமா, நில்லுங்க." பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, காலை முன்னே நீட்டினாள். "பொழுது சாஞ்சா வீங்குது. எழுதுங்க. கல்யாணம் நின்னா நிக்கட்டும். அம்மா பேரையும் எழுதுங்க."

திண்ணையில் உட்கார்ந்து தாளை விரித்தேன், அக்கா.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்லப்போகிறேன், எதையும் மறைக்காமல். அந்தக் குட்டையில் எண்ணெய் விழும்வரை ஊரைவிட்டு நகர மாட்டேன். சத்தியம். கனகு பேரை எழுதிவிட்டேன். உயிரோடு இருப்பவர்களை மட்டுமே தாளில் எழுதலாமாம். அதனால்தான் உன் பேரை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்: பாவாயி, இடது கால்.

உன் கூடப்பிறந்த தம்பி