கடைசி எழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். எல்லாம் சரியான பிறகுதான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்துப் பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று செய்தி அனுப்பும் கருவிக்கு நான்தான் புரோகிராம் எழுதுகிறேன். அதன் சிப்பில் ஒவ்வொரு பகுதியும் கிளாக் என்ற துடிப்பு வந்தால்தான் வேலை செய்யும். வேலை முடிந்த பகுதிக்குத் துடிப்பை நிறுத்தினால் பேட்டரி மிச்சம். ஆள் எழுந்ததுமே ஃபேனை அணைக்கிறவரின் பெண்ணாயிற்றே, நானும் டக்கென்று நிறுத்திவிட்டேன்.

நேற்று சோதித்துப் பார்க்கிற அக்கா கத்தினார்: "பெட்டி அரைமணியா திறந்தே கிடக்கு, இங்க ரெண்டு டிகிரின்னு காட்டுதே!"

உண்மையில் இருபத்தெட்டு டிகிரி. கருவி ஒவ்வொரு எழுத்தாகத்தான் அனுப்பும்; இரண்டு போய், எட்டு போவதற்குள் அனுப்பும் பகுதிக்குத் துடிப்பை நிறுத்தியிருக்கிறேன். மருந்து கெட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. கடைசி எழுத்து போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே நிறுத்தும்படி ஒரு வரி சேர்த்தேன். இருபத்தெட்டு முழுசாக வந்தது. நல்லவேளை, ஒரு பெட்டிகூட இன்னும் விற்பனைக்குப் போகவில்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது.

பார்சல் அனுப்பினால் என் பழைய தலையணை உறையை வையுங்கள், இங்கே வாங்கியது வழுக்குகிறது. இன்னொன்று. ஞாயிறன்று போனில் "சரிம்மா, வைக்கிறேன்" என்றதும் பட்டென்று கட் பண்ணாதீர்கள். அதற்குப் பிறகும் நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாயாடி