ஆறாவது பாஷைக்கு இடம்

1981 அக்டோபர் 5, திங்கள்

மழை விட்டபாடில்லை. ஃபாக்டரியில் முதல் ஷிப்ட். குஷாய்குடா பஸ்ஸில் நின்றபடியே தூக்கம். கால் வீக்கம் இறங்கவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், ஷீலாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், மெழுகுவர்த்தி.

சாயந்தரம் கோவில் கெபியில், மாதாவின் கல்குகை முன்னால், ஜெபமாலை. அக்டோபர் முழுக்க எங்கள் பங்கில் இதுதான் வழக்கம். ஜெபமாலையில் பத்து மணி சேர்ந்தது ஒரு பத்து; ஐந்து பத்துக்கும் ஐந்து பாஷை: தெலுங்கு, தமிழ், மலையாளம், கொங்கணி, இங்கிலீஷ். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் ஜெபத்தின் முன்பாதி சொல்ல, கூட்டம் அவரவர் பாஷையில் பின்பாதி சொல்லும். ஒரே இரைச்சல். மாதாவுக்குப் பொறுமை அதிகம். பதினொரு வருஷமாகத் தமிழ்ப் பத்தை முன்நின்று சொல்வது நான்.

முடிந்ததும் ஃபாதர் குண்டைத் தூக்கிப் போட்டார். கட்டட வேலைக்கு ராஞ்சிப் பக்கமிருந்து வந்த ஜனங்களுக்கும் ஒரு பத்து வேண்டுமாம், ஹிந்தியில். யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். உங்கள் பெரியவர்கள் மெட்ராஸிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தபோதும் இங்கே யாரோ நகர்ந்து உட்கார்ந்துதானே இடம் கொடுத்தார்கள் என்றார். எல்லார் கண்ணும் தமிழர் மேல். உங்களுக்குத்தான் தெலுங்கு வருமே என்கிறார்கள். கறிகாய் வாங்க வரும். மாதாவிடம் முறையிடத் தமிழ்தான் வேண்டும்.

அக். 7, புதன்

இராயப்பண்ணன் வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், பங்குப் பேரவையில் தமிழர் சார்பில் இருப்பவர். கோவில் மணியை ஏற்றியது நம் ஆட்கள், கெபிக்குக் கல் சுமந்தது நம் அப்பன்மார் என்று ஒரு மணி நேரம். கொங்கணிக்காரர் மூன்றே குடும்பம்தானே, அவர்களைக் கேட்கலாமே என்றேன். கெபியில் நிற்கும் மாதா சுரூபம் அவர்கள் கொடுத்ததாம். வாய் திறக்க முடியாதாம்.

"இந்த விட்டுக்கொடுக்கற கதையெல்லாம் நக்கோ, வேணாம் தங்கச்சி. ஞாயித்துக்கெழம மீட்டிங்ல நீயும் எழுந்து பேசணும்."

சரி என்றேன். காபி இரண்டு தடவை. எல்லாம் ஒரே ப்ரேயர்தானே, எதற்குச் சண்டை என்று மகள் ஷீலா இங்கிலீஷில் கேட்டாள். அதட்டக்கூடத் தெம்பில்லை.

அக். 9, வெள்ளி

ஓவர்டைம். சால்டரிங் புகையில் கண் எரிச்சல். வீட்டுக்குப் போகாமல் நேரே கெபி.

தெலுங்குப் பத்து முடிந்ததும் நான் ஆரம்பித்தேன். பத்தாவது மணியில்தான் உறைத்தது. 'தேவ வரப்பிரசாதமுசே நிண்டின மரியம்மா.' பத்தையும் தெலுங்கிலேயே சொல்லியிருக்கிறேன். தூக்கக் கலக்கம். முந்தின பத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

கூட்டம் வழக்கம்போல அடுத்த பத்துக்குப் போனது. கேட் வெளியே இராயப்பண்ணன் சைக்கிளோடு காத்திருந்தார். திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றேன்.

"இன்னிக்கு நம்ம தமிழ் ஜெபம் கணீர்னு இருந்துச்சு. இதையே மீட்டிங்ல சொல்லப்போறேன்."

கிண்டல் இல்லை; பாஷை மாறியது அவர் காதில் விழவேயில்லை. வெட்கமாக இருந்தது. எனக்காகவும், அவருக்காகவும். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக். 11, ஞாயிறு

பேரவை. இராயப்பண்ணன் நன்றாகவே பேசினார். தமிழ்ப் பத்தைக் கேட்டால் கல்லும் கரையும் என்றார். பிறகு என்னைக் கை காட்டினார்.

எழுந்தேன். நம் பத்தையே கொடுத்துவிடலாம் என்றேன். காரணம் கேட்டார்கள். நிஜக் காரணம் வெள்ளிக்கிழமை நடந்தது; அதைச் சொன்னால் அவர் மானம் போகும். முட்டி போட முடியவில்லை, கால் வலி என்றேன்.

"பதினோரு வருசம் சொன்ன வாயா இது?" இராயப்பண்ணன் எழுந்து போய்விட்டார்.

வீட்டில் கொஞ்சம் அழுதேன். பிறகு துணி ஊறவைத்தேன்.

அக். 13, செவ்வாய்

மழை இல்லை. முதல் ஹிந்திப் பத்து இன்று. ஹிந்திக்குத் தமிழாள் யாரும் பதில் சொல்லக் கூடாது என்று இராயப்பண்ணன் வீடு வீடாகச் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கும் வந்தது.

சொன்னது சுசீலா என்கிற பெண். சித்தாள், முதுகில் துணியில் கட்டிய குழந்தை. எங்கள் பக்கம் நாற்பது வாயும் மூடியே இருந்தன; அதைப் பார்த்து மற்றவர்கள் குரலும் தேய்ந்தது. மூன்றாவது மணியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று தனியாகத் தமிழில் பின்பாதியைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த மணிக்குப் போனாள்.

ஐந்தாவது மணியில் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் சேர்ந்தது. 'சர்வேசுரனுடைய மாதாவே.' இராயப்பண்ணன். பத்து முடியும்வரை நிறுத்தவில்லை.

போகும்போது என்னோடு பேசவில்லை.