வலது பக்க இயர்போன்

கவரைப்பேட்டை
14.6.2009

அடியே கல்யாணப் பெண்ணே,

நேற்று மேடையில் என் செல்போன் அடித்தது. நம் மெட்டல்கோர் பாட்டுதான் ரிங்டோன். "இன்னாது, இப்டி கத்துது?" என்று உன் கணவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். "ஐயய்யோ, இவதான் இத்தெல்லாம் கேப்பா. எனுக்குத் தலவலிதான் வரும்" என்றாய். பரிசோடு நின்ற எனக்கு உன்னை அங்கேயே அறையலாம் போலிருந்தது.

தலைவலியா? உன் தம்பி அந்தோணியைப் புதைத்துவிட்டு, ஒரு சொட்டு அழாமல் பத்து நாள் கம்பெனிக்கு வந்தவள் நீ. இதே கவரைப்பேட்டை ஸ்டேஷனில்தான் இயர்போனின் இடது பக்கத்தை நான் வைத்துக்கொண்டு, வலது பக்கத்தை உன் காதில் செருகினேன். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினான். நீ ஓவென்று அழுதாய். "எனுக்காகவே கத்துறான்டி, இன்னொரு வாட்டி போடு" என்றாய். மூன்று ரயிலை விட்டோம். அதன்பிறகு தினமும் நீதான் கேட்டு வாங்கினாய்.

என்னைத் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் குரலை எப்படிடி தெரியாதது போலப் பேசினாய்?

இன்று காலை ரயிலில் அதையே போட்டேன். பழக்கத்தில் வலது பக்கத்தைப் பக்கத்து சீட்டுக்கு நீட்டிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னை முறைத்தாள்.

இடது காதுக்காரி