ஏழு இடத்தில் விலை கேட்டவள்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் உன் மாமா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

வாரம் மூன்று நாள் மாமாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற வாடகைக் கார்க்காரர் செப்டம்பரோடு தொழிலை விடுகிறாராம். திரும்பி வரும்போது மாமாவுக்குத் தலை நிற்காது. பஸ்ஸில் எப்படி ஏற்றுவேன்? கடைச் சரக்குக்கு லோடு வண்டி ஓட்டினவள் நான், கார் ஓட்டிக்கொள்வேன். வாங்கத்தான் வழியில்லை, கையிலிருப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

லோன் கேட்டு பேங்குக்குப் போனேன். அங்கிருந்த பெண், "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாள். "கடனே இல்ல. நல்லதுதானே?" என்றேன். "வாங்கிக் கட்டியிருந்தாத்தானே நம்பிக் குடுக்க முடியும்?" என்றாள். இருபது வருஷம் வாளியும் குடமும் ரொக்கத்துக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்றவளுக்கு இந்த மரியாதை! வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

பயப்படாதே என்றால் நீ கேட்கமாட்டாய். சொல்வதை மட்டும் செய்.

சின்னத் தொகை ஒன்றை டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கு. மாதம் ஒன்றிரண்டு சாமான் மட்டும் அதில் வாங்கு. கொடுத்த வரம்பில் கால்வாசியைத் தாண்டாதே. பில் வந்ததும் கெடு தேதிக்கு முன்னால் முழுசாகக் கட்டு. 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று கொஞ்சமாகப் போட்டிருப்பான், அதில் ஏமாறாதே. ஆறு மாதம் இப்படிப் போனால், ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று உன் பேரில் ஒரு ஸ்கோர் ஏறும். அப்புறம் ஒரே இடத்தில் கேள்.

மாமா உப்பைக் குறைத்தாரா?

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

நாலு பில் கட்டிவிட்டேன். கட்டின பிறகும் படபடப்பு அடங்கவில்லை. ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று கடையில் சில்லறை எண்ணும்போதுகூட எழுந்துபோய்க் காலண்டரைப் பார்க்கிறேன். "என்னடி, எதையோ திருடினவ மாதிரி முழிக்கிற?" என்று மாமா கேலி செய்கிறார். அவருக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அது சரி, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்?

அக்கா

செப்டம்பர் 12

தம்பிக்கு,

கெடுத்துவிட்டேன்டா.

ஸ்கோர் நன்றாக ஏறியிருந்தது. ஒரே இடத்தில் விலை கேட்டு வாங்குகிறவன் வியாபாரியா என்று எனக்குள் ஒரு திமிர். ஒரே வாரத்தில் ஏழு பேங்கில் வட்டி எவ்வளவு என்று கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு தாளை நீட்டினார்கள். விலை சொல்லத்தான் என்று கையெழுத்துப் போட்டேன். ஏழும் லோன் விண்ணப்பமாம்! எட்டாவது இடத்தில்தான் சொன்னார்கள்: "இத்தனை பேர்கிட்ட கேட்டா அவசரக்காரங்கன்னு ஸ்கோர் இறங்கிடும்மா. ஆறு மாசம் பொறுங்க, இல்லன்னா கூட ஒருத்தரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

கார்க்காரர் போக இன்னும் பதினெட்டு நாள். டயாலிசிஸ் ஒரு தடவை தவறினாலே நெஞ்சில் நீர் கோத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன்னிடம் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். கையெழுத்துப் போடுவாயா?

அக்கா

செப்டம்பர் 18

அக்கா,

போட மனசிருக்கிறது. என் கையெழுத்துக்குத்தான் மதிப்பில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் வேனுக்கு ஜாமீன் கேட்டு உன் வீட்டுக்கு வந்தேன். "நான் யாருக்கும் போடறதில்ல" என்றாய். பிறகு அநியாய வட்டிக்கு வாங்கினேன். ஐந்து தவணை தவறியது. தெருவே பார்க்க வேனை இழுத்துக்கொண்டு போனார்கள். உனக்கு எழுதினேனே, சின்னக் கார்டு, கால்வாசி, கெடு தேதி, அதெல்லாம் நான் இன்னும் செய்துகொண்டிருப்பது. என் பேர் தேற இன்னும் நாளாகும்.

குத்திக்காட்ட எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

தம்பி

செப்டம்பர் 25

தம்பிக்கு,

மூன்று நாள் உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அன்று கையெழுத்துப் போடாதது வியாபாரிக்குச் சரி. அதற்கப்புறம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருந்தேனே, அது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "அவன் சாப்பிட்டானான்னு கேட்டியா?" என்றார், அவ்வளவுதான்.

கார்க்காரரிடம் போய் வண்டியை மட்டும் ஆறு மாத வாடகைக்குக் கேட்டேன். முதல் மாதத்துக்கு அவர் சொன்ன தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். மனுஷன் பயந்தே போனார். நேற்று அவரைப் பக்கத்தில் வைத்து நான் ஓட்டிப்பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பின் சீட்டில் மாமா சரிந்துவிட்டார். கண்ணாடியில் பார்க்கிறேன், ஸ்டியரிங்கை விட முடியவில்லை. இத்தனை நாளும் அவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தவள் நான்தானே? கார் கார் என்று அலைந்தவளுக்கு இது தோன்றவேயில்லை.

வாரத்தில் இரண்டு நாளுக்குக் கடையில் பில் போடுகிற அம்மா கூட வருகிறேன் என்றிருக்கிறார். சனிக்கிழமைக்கு ஆளில்லை. உனக்கு அன்று லீவுதானே?

ரொம்பப் பயமாக இருக்கிறது. நான் ஓட்டுகிறேன். நீ வந்து பின்னால் உட்கார்.

அக்கா