யாரும் அமுக்காத இடம்

ஜூன் 4, புதன்
காலையிலேயே வெயில் கொளுத்துது. பதினோரு மணி வரை கரண்ட் இல்லை. ஆபீஸ்ல வெப்சைட்டைப் புதுசா அடுக்குற வேலை என் தலையில. கல்ஃபுக்கு ஆள் அனுப்புற சைட். வர்றவங்களைக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சு, பின்னாடி நின்னு பார்த்தேன். ஒன்பது பேர்.

– 'எங்களைப் பற்றி': ஒருத்தரும் தொடலை.
– முதல்ல நாட்டுப் பேரு. அப்புறம் என்ன வேலை.
– இங்கிலீஷ் வந்தா கை அப்படியே நின்னுடுது.
– பக்கத்தைக் கீழே இறக்கணும்னே தெரியலை.

எதிர்வீட்டு ஜமீலா அக்காவோட வீட்டுக்காரர் நசீர் அண்ணனும் வந்தார். முத்துப்பேட்டையில லோடு ஆட்டோ ஓட்டுறவர், மவுஸைத் தலைகீழா பிடிச்சார். "எதை அமுக்கணும் தங்கச்சி?"

ஜூன் 5, வியாழன்
பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்துலயும் அதோட நிபந்தனை, தமிழ்ல. ஆபீஸ் ஓனர் சாருக்கு ரொம்ப சந்தோஷம். "மெட்ராஸ்ல கூட இப்படி யோசிக்க ஆள் இல்லம்மா." யாரும் போகாத இடம் எதெதுன்னு தனியா எழுதிக் கேட்டார். தேவையில்லாததைத் தூக்கிடலாமாம். எழுதிக் கொடுத்தேன். அதுல கடைசி இடம்: பக்கத்தோட அடியில, 'இதர விவரங்கள்', இங்கிலீஷ். வீட்டுக்கு வரும்போது பஸ்ல உட்கார இடம் கிடைச்சுது. நல்ல நாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
மழை. நடவு ஆள் வரலைன்னு அப்பா புலம்பல். ஜமீலா அக்கா ஆபீசுக்கு வந்தாங்க. எங்க சைட்ல பதிஞ்சு அண்ணன் கல்ஃபுக்குப் போய் ஒரு மாசம், நேத்துதான் போன். டிரைவர் வேலை இல்லையாம். பாலைவனத்துல ஆடு மேய்க்கிறாராம். பாஸ்போர்ட் முதலாளி கையில.

"டிரைவர்னுதானேம்மா நீ காட்டுனே?"

சார் அசையலை. "எல்லாம் சைட்லயே இருக்கு. படிக்காதது யார் தப்பு?" திறந்து காட்டினார். அடியில. இதர விவரங்கள். இங்கிலீஷ்ல: முதலாளி தரும் எந்த வேலையும் செய்ய வேண்டும்.

வேலைகளுக்குப் பக்கத்துல நான் போட்டு வச்ச தமிழ் நிபந்தனை ஒண்ணையும் காணோம். எப்ப எடுத்தாங்க? இத்தனை நாள் நான் திறந்து பார்க்கவே இல்லையே.

அக்கா போனதும், அந்த வரியை ஏன் அடியில போட்டீங்கன்னு சாரைக் கேட்டேன். "நீ எழுதிக் கொடுத்த இடம்தானேம்மா." சிரிச்சுக்கிட்டே. டீ சொல்லவான்னு வேற கேட்டார்.



ஆகஸ்ட் 20, புதன்
ஆறு மணிக்கே ஆபீஸ். பாஸ்வேர்டு இன்னும் என்கிட்டதான். அந்த வரியைத் தமிழ்ல, முதல் பக்கத்துல, நாட்டுப் பேருக்கும் மேல போட்டேன். சிவப்புல. பதினொன்னரைக்குள்ள நாலு பேர் வந்தாங்க. நாலு பேரும் அந்த வரியில நின்னாங்க. ஒருத்தரும் 'விண்ணப்பி' அமுக்கலை.

பன்னெண்டுக்கு சார் வந்தார். "பையை எடுத்துக்கிட்டு கிளம்பு." சாயங்காலம் பிரவுசிங் சென்டர்ல பார்த்தேன், சிவப்பு வரி இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்
ஜமீலா அக்கா வீட்டுக்குப் போனேன். யாரும் பார்க்காத இடம் எதுன்னு சாருக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்னு சொல்லிட்டேன். திட்டியிருக்கலாம்.

"இதை போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுவியா?"

சொல்றேன்க்கா.

"எழுதித் தருவியா?"

தர்றேன்.

நாளைக்கு எட்டு மணி பஸ். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.