சத்தம் கேட்டால் எழுது

இன்று காலை பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். வெளியே தெருவில் ஒரு லொறியின் ரயர் வெடித்தது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார்கள். நான்தான் கையிலிருந்த வினாத்தாள்கள் சிதற வாசலைத் தாண்டி ஓடியிருக்கிறேன். மதிலடியில் மறித்த மண்டபப் பொறுப்பாளர், "பிள்ளையளே பயப்பிடேல்ல, நீங்கள் ஏன் ரீச்சர் ஓடுறியள்?" என்று கேட்டார். என்றோ நீ அறைந்த கன்னம் எரிந்துகொண்டிருந்தது.

எத்தனை அறை வாங்கியிருப்பேன் உன்னிடம்! யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து நம் ஊரான அரிப்புக்குத் திரும்பி, உன் வீட்டு வளவில் தறப்பாள் கொட்டிலுக்குள் சிநேகிதிகள் இருவரும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம் அது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் பற்றைக்குள் கண்டெடுத்ததையெல்லாம் முற்பகலில் வெடிக்க வைப்பார்கள். சத்தம் கேட்டதும் நான் மேசைக்கு அடியில் கிடப்பேன். செல்லடிக்குள் பதுங்கு குழியில் விழுந்து பழகிய உடம்பு, சொன்னால் கேட்காது. நீ தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்து, ஓங்கி ஓர் அறை விடுவாய்.

"பேனையை ஏனடி கீழ போட்டனீ? வெடிக்கிறது அவங்கட வேலை. எழுதுறது எங்கட வேலை."

அவர்கள் வெடிக்க வைக்காத நாட்களில் நீயே என் முதுகுக்குப் பின்னால் நின்று இரும்புக் கரண்டியால் தாச்சியில் அடிப்பாய். கை நடுங்கினால் கரண்டி என் தோளில் விழும். ஒருநாள் பொறுக்க முடியாமல் உன் கையைக் கடித்தேன். வந்த இரத்தத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு, "அடுத்த கேள்வியைச் செய்" என்றாய். உன்னைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அப்பாவும் வள்ளமும் போன வீட்டில், இந்தப் பரீட்சையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை என்று உனக்குத் தெரியும்.

பரீட்சை நடுவில் அந்த வெடிச் சத்தம் வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கதிரைகள் விழுந்தன, ஒருத்தி அலறினாள். பாதி மண்டபம் நிலத்தில் கிடந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினேன். முன்வரிசையிலிருந்து நீ திரும்பி, பல் தெரியச் சிரித்து, மேற்பார்வையாளரிடம் ஏச்சும் வாங்கினாய்.

பெறுபேறு வந்தது. இருவருக்கும் பல்கலைக்கழகம். "கம்பஸ் போகமுன்னம் அம்மாவுக்கு வளவைத் துப்புரவாக்கிக் குடுத்திட்டு வாறன்" என்றாய். பற்றையை வெட்டி, சருகைக் கூட்டிக் குவித்து, நெருப்பு வைத்தாய். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். குவியலுக்குக் கீழே, மண்ணுக்குள் யுத்தத்தில் விழுந்து வெடிக்காத ஒரு செல் கிடந்தது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த ஒழுங்கையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திடுக்கிடவில்லை, நிமிரவும் இல்லை. நன்றாகப் பழகிவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தேன். அதற்குப் பிறகுதான் உன் அம்மா உன் பெயரைச் சொல்லி அலறுவது கேட்டது.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மண்ணைப் பாராமல் நெருப்பு வைத்த உன்னை இழுத்துவைத்து அறைய வேண்டும். நீ அடித்து வாங்கித் தந்த பட்டமும் வேலையும் என்னிடம் இருக்கின்றன. சத்தத்துக்கு அசையாத அந்தப் பழக்கத்தை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன். எங்கே வெடித்தாலும் எழும்பி ஓடுகிறேன். பயத்தில் ஓடினேன் என்று பொறுப்பாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் உன் வளவுக்குத்தான் ஓடினேன்.