பூக்கலபா: ஒட்டகமாகப் பேசிய அக்காவுக்கு

அன்பு அக்கா, அன்பு ஒட்டகமே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் ரசிகர் குழு வாட்ஸ்அப்பில் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 'இன்னும் பூக்கலபா' என்பதில் ஒற்று மிகாது. 'பூக்கலப்பா' என்று எழுதுகிறவர்கள் இனி ரசிகர்களாகக் கருதப்படமாட்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்தவர்கள் சற்று முன்புதான் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள்.

உனக்கு ரசிகர் குழு இருப்பதே உனக்குத் தெரியாது, இல்லையா? எனக்கும் நீ போன பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கும் உன்னைத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாஸ்டர் திமிலன்தான். பாலைவனத்து ரயில் நிலையம் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் ஒட்டகம். 'ரயில் வந்துச்சா?' என்று பயணிகள் கேட்கக் கேட்க, அசை போட்டுக்கொண்டே ஒரே பதிலைச் சொல்லும் வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒட்டகம். அதற்குத் தமிழில் குரல் கொடுத்தவள் மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் மகள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குழுவில் எல்லோருமே அதை ஓர் ஆணின் குரல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வரி பிறந்த கதையை நீ எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். எழுதிக் கொடுத்த வசனம் 'சற்று நேரத்தில் வந்துவிடும், அன்பான பயணிகளே.' பாதியிலேயே ஒட்டகம் வாயை மூடிவிடுகிறது. திரும்பத் திரும்ப எடுத்தும் பொருந்தவில்லை. அலுத்துப்போய் உன் வாயில் தானாக வந்தது, அம்மா பேசுகிற பேச்சு. உப்புப் பாத்தி ஓரத்தில் நின்று காண்ட்ராக்டர் "என்னாமா, வாரலாமா?" என்று கேட்கும்போதெல்லாம் உப்பு இன்னும் படியவில்லை என்பதை அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வது. "இன்னும் பூக்கலபா."

வாய் அசைவு அச்சாகப் பொருந்திவிட்டது.

"நல்லாருக்கே. என்னம்மா பூக்கல?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டாராம்.

"பூ சார்" என்றாயாம் நீ.

"உப்புன்னு சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்று நான் கேட்டபோது, "போடா, உப்புன்னா வெளக்கணும். வெளக்க ஆரம்பிச்சா எடுத்துடுவாங்க" என்றாய். தமிழ்ப் பண்பாட்டு நிறுவனங்களைப் பற்றி இவ்வளவு சுருக்கமான ஆய்வை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்தப் பூவை நம்பித்தான் ரசிகர்கள் பனியனில் மல்லிகை மொட்டை அச்சடித்தார்கள். திண்டிவனத்தில் ஒருவர் முழங்கையில் அதைப் பச்சையே குத்திக்கொண்டிருக்கிறார். தேர்வு முடிவு வரவில்லையா, பூக்கலபா. பெண் வீட்டார் பதில் சொல்லவில்லையா, பூக்கலபா. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் மற்ற எல்லாக் கட்சிகளின் வாக்குறுதிகளைப் பற்றியும் அதையே எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் நீதான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நடந்ததை மறந்திருக்கமாட்டாய். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே உன்னிடம், "இன்னும் பூக்கலக்கா, வெய்ட் பண்ணுங்க" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

இனி வீட்டுச் செய்தி. நீ போன பிறகு அம்மா ஒரு நாள்கூடத் திமிலனைத் தவறவிட்டதில்லை. உப்பளத்திலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். போன வருஷம் திடீரென்று ஒட்டகம் வேறு குரலில் பேசியது. சுத்தமான குரல், சுத்தமான தமிழ். "இன்னும் மலரவில்லை, நண்பா."

"யார்றா இவன்?" என்றாள் அம்மா.

"புதுசா குரல் குடுத்திருக்காங்கம்மா."

"அப்ப இதுவும் போச்சா?"

யூடியூபில் பழைய பகுதியைத் தேடிப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது நீ போட்டா வர்றது. அது அவளா வர்றது" என்றாள்.

சேனலுக்கு போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்க வாய்ஸ் ஆர்ட்டிஸ்டா சார், ஃபேனா?"

"தம்பிங்க."

"யாருக்கு சார்?"

"ஒட்டகத்துக்கு."

லைனிலேயே இருக்கச் சொன்னாள். இருந்தேன். அப்புறம் அதுவாகவே கட்டாகிவிட்டது.

கூடப் பிறந்தவனால் முடியாததை ரசிகர்கள் செய்தார்கள் அக்கா. என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சேனல் எதைப் பதிவிட்டாலும், அது தீபாவளி வாழ்த்தானாலும் சரி, அதன் கீழே வந்து வரிசையாக 'இன்னும் பூக்கலபா' என்று எழுதினார்கள். மாதக்கணக்கில் எழுதினார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று இவர்களைப் பற்றி நானே ஒரு கட்டுரையில் கேலி செய்திருக்கிறேன். அந்தக் கட்டுரையை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பது ஒரு நிம்மதி. கடைசியில் சேனல் இறங்கி வந்தது. மற்ற வசனமெல்லாம் புதுப் பையன் பேசுவான், அந்த ஒரு வரி மட்டும் பழைய குரலில் வரும் என்றார்கள்.

அன்று குழுவில் ஒருவர், "அந்த அண்ணன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று எழுதியிருந்தார். நான் ஒரு கும்பிடு போட்டேன். வேறென்ன போடுவது?

ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இது அச்சில் வந்ததும் குழுவில் நானே போடுவேன். அண்ணன் இல்லை, அக்கா என்று சொல்வேன். பூ இல்லை, உப்பு என்று சொல்வேன். இனி யாரும் அதை எடுக்க முடியாது, பயப்படாதே. திண்டிவனத்துக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா இப்போதும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருகிறாள். உன் வரி பாதிக் கதையில் ஒருமுறை வருகிறது. அது வந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள்.

இப்படிக்கு,
ஒட்டகத்தின் கூடப் பிறந்த தம்பி